அப்பா இறந்ததற்கு உன் கையெழுத்து தேவை

ஐன் ருமான்,
30 அக்டோபர் 1954, சனிக்கிழமை

இறைவன் ஒருவனுக்கே புகழ்.

அன்புக்கும் கண்ணியத்துக்கும் உரிய என் தம்பி மெக்கிக்கு, அண்ணன் பூஜெமா எழுதுவது. உன் மீதும், உன்னோடு ஒரே அறையில் படுத்துறங்கும் எட்டுப் பேர் மீதும், அந்த இரும்பாலையில் உன் பக்கத்தில் நின்று வேகும் நம் ஊர்க்காரர் அனைவர் மீதும் சலாம். இங்கே நாங்கள் நலம். உன் முகத்தைக் காணாத குறையைத் தவிர எங்களுக்கு வேறு எந்தக் குறையும் இல்லை. இந்த வாக்கியத்தை நம்பிவிடாதே. கோர்ட்டு வாசலில் மேஜை போட்டு இருபது வருடமாக ஊராருக்குக் கடிதமும் மனுவும் எழுதுகிறவன் நான். பிரான்சுக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்திலும் இதை நானே எழுதுகிறேன், ஆடு செத்த வீட்டுக்கும் இதுதான், கூரை விழுந்த வீட்டுக்கும் இதுதான். உன் கடிதம் நாலு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, அதிலும் பாதி மழையைப் பற்றி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீ கப்பலேறியபோது என் பழுப்பு பூட்ஸையும் போட்டுக்கொண்டு போனாயே, அதைப் பற்றி இதுவரை ஒரு வரி கூட நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதன் அடியில் இரண்டு கோடு இருக்கும். மேல் கோடு எனக்கு, கீழ்க் கோடு உனக்கு. உன் கோட்டில் கையெழுத்துப் போட்டு அடுத்த தபாலில் அனுப்பு. நீ போட்டால் அப்பா இறந்துவிடுவார். போடாவிட்டால் வருகிற நவம்பர் பதினொன்றாம் தேதி அவர் ஒரு தளபதியின் கையால் பதக்கம் வாங்கியாக வேண்டும்.

நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கடிதத்தை அறையில் எல்லோருக்கும் சத்தமாகப் படிப்பாய் என்றும் தெரியும், அவர்களும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் நீ ஊரைவிட்டுப் போன பிறகு அப்பா என்னென்ன செய்தார் என்பதை நீ முழுதாக அறியமாட்டாய். அவர் உயிரோடு இருந்த அறுபது வருடத்தில் சர்க்காரோடு வைத்துக்கொண்ட உறவைவிட, இறந்த ஒன்பது வருடத்தில் வைத்துக்கொண்ட உறவு அதிகம்.

அந்த மே மாதத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் இருந்தாய். ஜெர்மனி தோற்றது என்று ஊரெல்லாம் மணி அடித்தார்கள். அப்பா தன் பழைய போர்ப் பதக்கம் மூன்றையும் சாம்பல் போட்டுத் துலக்கி, வெள்ளை பர்னூஸ் மேலங்கியில் குத்திக்கொண்டு ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தார். "நானும் ஜெயிச்சவன்தானே, நான் போகக் கூடாதா" என்றார். மூன்றாம் நாள் சந்தையிலிருந்து அப்பாவையும் சேர்த்துப் பதினேழு பேரைப் பாலத்துப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் ஐந்து நாள் சுண்ணாம்புக் காளவாய் புகைந்தது. அந்த ஐந்து நாளும் ஊரில் யாரும் சுண்ணாம்பு வாங்கவில்லை. நீ ஜூலையில் போய்விட்டாய். நான் இருந்தேன். மூத்தவன் இருப்பதுதான் முறை, அதற்காக யாரும் பதக்கம் தருவதில்லை.

முதல் காகிதம் அந்த டிசம்பரில் அப்பா பெயருக்கு வந்தது. முன்னாள் போர்வீரர் லாம்ரி அவர்கள் நவம்பர் பதினொன்று அணிவகுப்புக்கு வராதது வருத்தத்துக்குரியது, இனி இப்படி நடக்கலாகாது என்று. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு அறைக்குப் போனேன். ஜன்னலுக்கு உள்ளே யார் என்று நினைக்கிறாய்? நம் லூசியான். ஆறு வருடம் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் வகுத்தல் கணக்கைப் பார்த்து எழுதியவன். பள்ளி இறுதித் தேர்வில் நான் முதல், அவன் பதினொன்றாவது. ஆசிரியர் பயிற்சிக்கு நம் ஆட்களுக்கென்று இருந்த ஒரே இடம் நம் வட்டாரத் தலைவர் காயித்தின் மருமகனுக்குப் போனது. பதினொன்றாவதாக வந்தவன் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தான். நான் வெளியே, அவன் உள்ளே. நடுவில் கம்பி.

"என்ன பூஜெமா, எப்படி இருக்க?" என்றான்.

"அப்பா இறந்ததப் பதியணுங்க" என்றேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பவன் 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும். மரங்களில் ஏறி அவன் வீட்டுப் பீச்சுப் பழத்தை அவனோடு சேர்ந்தே திருடியவனாக இருந்தாலும்.

பேனாவை எடுத்தான். "எங்க இறந்தாரு?"

"காளவாய்ல."

பேனாவை வைத்தான். "காளவாய்ல யாரும் சாகல."

"அப்ப எங்க அப்பா எங்கங்க?"

"பிரான்சுக்குப் போயிருப்பாரு. உங்க ஆளுங்க எல்லாம் அங்கதானே போறாங்க. மெக்கி கூடப் போயிட்டான்ல?"

"எங்க அம்மாகிட்ட சொல்லாமப் போகமாட்டாரு. சந்தைக்குப் போனாக் கூடச் சொல்லிட்டுத்தான் போவாரு."

"உடம்பு இருந்தாப் பதிவேன். உடம்பு இல்லாம எப்படிப்பா? எனக்கு மேல இருக்கிறவன் கேப்பான்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற ஆளைக் கூப்பிட்டான். என் மனைவி நூவா டைபஸ் காய்ச்சலில் இறந்தபோது பதிவேட்டில் அந்த ஒரு வரி எனக்குக் கால் மணி நேரத்தில் கிடைத்தது, நினைவிருக்கிறதா? காய்ச்சலில் இறப்பவர்களுக்கு இந்த நாட்டில் எல்லாம் சுலபம்.

அம்மா காகிதத்துக்குக் காத்திருக்கவில்லை. நாற்பத்தேழில் கல்தச்சனிடம் சொல்லி அப்பா பெயர் வெட்டி ஒரு மீஸான் கல் செய்யச் சொன்னாள். மயானத்தில் கரோபு மரத்தடியில் அதை நட்டு, பக்கத்தில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடத்தைச் சுற்றிக் கூழாங்கல் வைத்தாள். அது தனக்காம். கல் நாற்பது நாள்தான் நின்றது. சர்க்கார் கொடுத்த சிவப்பு பர்னூஸைக் கோடையிலும் கழற்றாத நம் காயித், இரண்டு காவலரோடு வந்து பிடுங்கச் சொன்னார். "உசுரோட இருக்கிற குடிமகனுக்குச் சமாதி வைக்கிறது அவர அவமானப்படுத்துறது. அவரே புகார் கொடுத்தா உனக்குத்தான் ஆபத்து" என்றார் என்னிடம். அவர் வந்து புகார் கொடுக்கட்டும், கொடுத்தால் காயித்துக்கு ஒரு கிடா வெட்டுகிறேன் என்றேன். அதற்கு ஒரு நாள் உள்ளே வைத்தார்கள். கல்லை நானும் கல்தச்சனும் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் அத்திமரத்தடியில் வைத்தோம். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. அம்மா மாலையில் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் கம்பளி நூற்கிறாள். பனி விழும் மாதத்தில் அதற்கு ஒரு சாக்கைப் போர்த்துகிறாள். நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன்.

அடுத்த வருடம் ஏப்ரலில் தேர்தல். நம்மில் எட்டுப் பேருடைய ஓட்டு அவர்களில் ஒருவருடைய ஓட்டுக்குச் சமம் என்பது நீ அறிந்ததுதான். அப்பா எட்டில் ஒரு பங்கு மனிதராக இருந்தும் நேரத்துக்குப் போய் ஓட்டுப் போட்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைச் சாவடியில் சாட்சியாக உட்கார வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கிறார்கள், பெட்டி அதற்குள் நிறைந்திருக்கிறது. முதலில் வந்த கிழவர் ஒருவர் தன் சீட்டை எவ்வளவு திணித்தும் உள்ளே போகவில்லை. "பரவால்ல பெரியவரே, நீங்க ஏற்கெனவே போட்டாச்சு" என்றார் அதிகாரி. கிழவர், "யாருக்குப் போட்டேன்னாவது சொல்லுங்க, வீட்ல கேப்பாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பதிவேட்டைப் புரட்டினேன். அப்பாவின் பெயருக்கு எதிரே கையெழுத்து. எழுத்தே தெரியாமல் கட்டைவிரலை மட்டும் உருட்டிய மனிதர் அல்லவா அவர். அங்கே முதல் எழுத்துக்கு அன்னப்பறவைக் கழுத்துபோல ஒரு வளைவு, கடைசி எழுத்துக்கு ஒரு நீண்ட வால். அந்த வாலை நான் எங்கேயும் அடையாளம் காண்பேன். நான்காம் வகுப்பில் லூசியானுக்கு அதைப் போடக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

சத்தம் போட்டேன். மூன்று நாள் லாக்கப். உள்ளே போனால் நம் பக்கத்து வேட்பாளர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். "வாங்க, வாங்க, வெளிய எப்படிப் போகுது?" என்று கேட்டார்கள். "நல்ல கூட்டம். செத்தவங்க எல்லாம் வந்திருக்காங்க" என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "கையெழுத்து அழகா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். அழகாக இருந்தது என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

நீ அலுத்துக்கொள்கிறாய். இன்னும் ஒன்றுதான், இது முக்கியமானது. ஐம்பத்தொன்றில் வனக்காவலரிடமிருந்து அப்பா பெயருக்கு ஒரு குற்றப் பத்திரம் வந்தது. தாத்தாவின் சமவெளி நிலம் திராட்சைத் தோட்டமான பிறகு நம் ஆடுகளுக்கு இருந்தது அந்தச் சரிவு மட்டும்தான். அதையும் காடு என்று சொல்லி வேலி போட்டார்கள், போட்டது நம் பாட்டனார் காலம். இப்போதைய வனக்காவலர் மாதத்துக்குப் பத்துப் பேரையாவது பிடித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டுமாம். மனிதர் வெயிலில் மலையேறுவாரா? நிழலில் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பத்துப் பெயரை எழுதிவிடுகிறார். அப்பாவும் பத்தில் ஒருவர். நான் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'மேற்படி லாம்ரி என்பவர் நான்கு ஆடுகளைத் தடைசெய்யப்பட்ட வனத்தில் மேயவிட்டிருந்தார். எம்மைக் கண்டதும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு, செங்குத்தான சரிவில், வயதுக்கு மீறிய வேகத்துடன், மலை உச்சியை நோக்கி ஓடி மறைந்தார்.'

"ஓடினாரா?" என்றாள் அம்மா.

"அம்மா, இது பொய். அவன் நெழல்ல உக்காந்து…"

"தெரியும்டா. அந்த வரிய இன்னொரு தடவ படி."

படித்தேன். வெர்தூனில் குண்டு பாய்ந்த இடது முழங்காலோடு முப்பது வருடம் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே ஒரு கை கேட்டவர் அப்பா. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துத் தன் துணிப்பெட்டியில், கல்யாணத் துணிக்கு அடியில் வைத்தாள். பெருநாள் அன்று எடுத்துக் கொடுத்து, "படிடா" என்பாள். வருடத்துக்கு இரண்டு பெருநாள், மூன்று வருடம். ஆறு முறை படித்துவிட்டேன். கோர்ட்டு வாசலில் நான் எழுதிய எந்த மனுவையும் யாரும் இரண்டாம் முறை படித்ததில்லை.

இப்போது பதக்கத்துக்கு வருகிறேன். அல்ஜியர்சிலிருந்து ஒரு தளபதி வருகிறார். ஒவ்வொரு வட்டாரத்திலும் நன்னடத்தையில் சிறந்த பழைய போர்வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உத்தரவு. அவர்கள் கோப்புகளைப் பார்த்தார்கள். அப்பாவின் கோப்பைப்போல் ஒரு கோப்பு இந்த மாவட்டத்திலேயே கிடையாதாம். எல்லாத் தேர்தலிலும் ஓட்டு. ஒன்பது வருடமாக ஒரு புகார் இல்லை, ஒரு கூட்டத்துக்குப் போனதில்லை, சர்க்காரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. அவர்கள் விரும்பும் குடிமகன் எப்படி இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெயரை அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் ஆளை எங்கே நிறுத்துவது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை லூசியானே வீட்டுக்கு வந்தான். கதவுக்கு வெளியே நின்று தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான். தலை முன்பக்கம் முழுதும் வழுக்கை. நம் முற்றத்தில் அவன் கால் வைத்து இருபத்தைந்து வருடம் இருக்கும். அம்மா பாயை விரித்துக் காபி வைத்தாள். ஆரஞ்சுப் பூத்தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுத்தான் கொடுத்தாள், சின்ன வயதில் அவனுக்கு அது பிடிக்கும்.

"அம்மா, ஒங்களுக்கு அந்த வரி வேணும்ல, நான் எழுதித் தர்றேன்" என்றான். "கல்ல திரும்ப வெச்சுக்குங்க. யாரும் பிடுங்கமாட்டாங்க. எல்லாத்தையும் நிரப்பிக் கொண்டுவந்திருக்கேன். ரெண்டு பசங்களும் கையெழுத்துப் போட்டாப் போதும்."

வாங்கிப் படித்தேன். 1954 செப்டம்பர் மாதம், சொந்த வீட்டில், கட்டிலில், காய்ச்சலால்.

"காய்ச்சலா?" என்றேன்.

"ஏதோ ஒண்ணு எழுதணும்ல பூஜெமா. காளவாய்னு எழுதினா எனக்கு வேல போகும், உனக்கு நாக்கு போகும். ஒம்போது வருஷமா வந்து நின்னியே, இப்ப நானே வந்து நிக்கிறேன். ஒங்க ஆளுங்களுக்கு என்னதான் வேணும்?"

"ஒரு வரி" என்றேன்.

"அதத்தானே கையில கொடுத்திருக்கேன்!"

அப்போது அம்மா, நூற்பதை நிறுத்தாமலே, ஒன்பது வருடமாக நான் கேட்காததைக் கேட்டாள். "லூசியான், அன்னிக்குப் பாலத்துகிட்ட நீயும் இருந்தியா?"

துப்பாக்கி கொடுத்து ஊர்ப் பிரெஞ்சுக்காரர் எல்லோரையும் கூப்பிட்டார்களே, அதைத்தான் கேட்டாள். அவன் காபிக் கோப்பையைப் பார்த்தான். "எனக்கு அன்னிக்குக் காய்ச்சல், அம்மா. படுத்திருந்தேன்."

"அப்படியா" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

அவன் போன பிறகு நான் குதித்தேன். தன் காய்ச்சலையே எடுத்து அப்பாவுக்கும் கொடுக்கிறான் பார் என்றேன். அம்மா கோப்பைகளைக் கழுவி வைத்தாள். இரவெல்லாம் இருமினாள். வைத்தியர் இந்தக் குளிர்காலத்தைப் பற்றி உறுதி சொல்லவில்லை, அதை உனக்கு எழுத வேண்டாம் என்றாள், எழுதிவிட்டேன். அவள் கேட்பது ஒன்றுதான். கரோபு மரத்தடியில் அப்பா பெயருள்ள கல், அதற்குப் பக்கத்தில் அவள். அங்கே அவர் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கிறாள். அந்தக் கல்லுக்கு விலை ஒரு பொய். நான் இரண்டு நாள் யோசித்தேன். நான் கர்வக்காரன் என்று நீ நினைக்கிறாய், ஊரும் நினைக்கிறது. சரியாகத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் என் கர்வத்தை வைத்து அம்மாவைத் தெரியாதவர்களுக்கு நடுவில் படுக்க வைக்க முடியாது. எழுதியது யார் கையாக இருந்தால் என்ன, காய்ச்சல் என்று போனால் என்ன. உன் கையெழுத்து வந்ததும் என் கோட்டில் நானும் போட்டுவிடுவேன். மனுக்களில் நம்பிக்கை வை, காலம் எடுத்தாலும் காகிதம் வென்றே தீரும் என்று ஊராருக்குச் சொல்கிறவன் நான். இதோ வென்றுவிட்டது.

இறைவன் உனக்கு உடல்நலத்தையும் ஊர் திரும்பும் வழியையும் தரட்டும். உன் உலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது கண்ணைக் காப்பாற்றிக்கொள். அம்மாவின் துஆ எப்போதும் உன் தலைக்கு மேல் இருக்கிறது. என்னுடையதும், கொஞ்சம் தள்ளி. அறையில் உள்ள எட்டுப் பேருக்கும் பெயர் சொல்லிச் சலாம் சொல்.

உன் அண்ணன்,
பூஜெமா

பின்குறிப்பு. புதன்கிழமை, நவம்பர் 3.

இதைச் சத்தமாகப் படிக்காதே.

திங்கட்கிழமை அவர்களுடைய புனிதர்கள் நாள், தபால் நிலையம் பூட்டிக்கிடந்தது. நேற்றுத் திறந்திருந்தது, ஆனால் வாசலில் சிப்பாய்கள். திங்கள் விடிவதற்குள் நாடெங்கும் பல இடத்தில் ஒரே சமயத்தில் குண்டு வெடித்திருக்கிறது, வைத்தவர்கள் மலையில் இருக்கிறார்களாம். உங்கள் ஊர்ப் பத்திரிகையில் நீ இதற்குள் படித்திருப்பாய். இங்கே வனக்காவலரின் சாவடி எரிந்தது. அவர் அங்கே இல்லை, வழக்கம்போல.

நேற்று மதியம் ஜாந்தார்ம் போலீஸ்காரர் ஐந்து பேர் ஒரு பட்டியலோடு வந்தார்கள். ஆட்களை அடையாளம் காட்ட லூசியானைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பட்டியலில் மூன்றாவது பெயர் அப்பா. யாரோ நாற்பத்தைந்தின் கோப்பைத் தூசு தட்டியிருக்கிறார்கள். ஊர்வலத்தில் முன்வரிசை, அதுவும் பதக்கத்தோடு. ஒரே ஆளுக்கு ஒரு அலமாரியில் பதக்கமும் இன்னொரு அலமாரியில் விலங்கும் வைத்திருக்கிறார்கள், இரண்டு அலமாரியும் பேசிக்கொள்வதில்லை.

"லாம்ரி எங்க?" என்றான் சார்ஜென்ட்.

நான் சட்டைப்பையில் கையை விட்டேன். இந்தக் கடிதத்தோடு அந்தத் தாளும் அங்கேதான் இருந்தது. காட்டினால் முடிந்தது. காய்ச்சல், வீட்டில், கட்டிலில், அரசாங்கக் கையெழுத்திலேயே. அதை எடுப்பதற்குள் அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள். உனக்கே தெரியும், அந்நிய ஆண்கள் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறவள்.

"மலைக்குப் போயிட்டாரு" என்றாள்.

"எப்போ?"

"ரொம்ப நாளாச்சு."

"வயசு என்ன? கிழவன்தானே, எப்படி ஏறுவான்?"

"வேகமா ஓடுவாரு. நான் சொல்லல, உங்க ஆளே எழுதியிருக்காரு, இருங்க" என்று உள்ளே போய், கல்யாணத் துணிக்கு அடியிலிருந்து அந்தக் குற்றப் பத்திரத்தை எடுத்துவந்து நீட்டினாள். சார்ஜென்ட் படித்தான். செங்குத்தான சரிவில், வயதுக்கு மீறிய வேகத்துடன். முத்திரையைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான். "மூணு வருஷமா மலையில இருக்கானா!" என்று சொல்லிவிட்டு, நாக்கை வெளியே நீட்டியபடி முழுவதையும் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். பிறகு லூசியான் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரிஞ்ச ஆளா? இது சரிதானா?" என்றான்.

லூசியான் முற்றத்தில், அத்திமரத்தடியில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அதில் அப்பா பெயர் வெட்டியிருக்கிறது. அவன் அதைப் படித்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். என் சட்டைப்பையில் இருக்கும் தாளை நிரப்பியவன் அவன்.

"சரிதான்" என்றான். "நல்லா ஓடுவாரு." சொல்லிவிட்டு, இரண்டு அடி நகர்ந்து கல்லை மறைத்துக்கொண்டு நின்றான். பாலத்தில் அவன் இருந்தானா இல்லையா என்று இனி நான் கேட்கமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இரண்டு கணக்கும் தனித்தனி.

அவர்கள் போனதும் அம்மா சிரித்தாள். ஒன்பது வருடத்தில் அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தாளக் கிழிச்சுப் போடுடா. ஒரு நாள் கூடக் காய்ச்சல்னு படுக்காத மனுஷன். அவர் மேல காய்ச்சல எழுதாத" என்றாள். கல் என்றேன். "கல்லுக்கு என்ன அவசரம்? அவரு இப்பத்தானே போயிருக்காரு" என்றாள். காகிதத்தைக் கிழித்துப் பழக்கமில்லாதவன் நான், தாள் இத்துடனேயே வருகிறது, அதில் கையெழுத்துப் போடாதே. அடுப்பில் போடு, மேலே நான் எழுதிய காகிதம் வெல்லும் என்ற வாக்கியத்தையும் சேர்த்து.

ஆனால் ஒரு சிக்கல். அம்மா வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. மலையில் லாம்ரி என்று யாரும் இல்லாமல்போனால் அவள் சொன்னது பொய்யாகிவிடும். அப்பாவின் வெள்ளை பர்னூஸை இன்று காலை அவளே பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் உதறிப் போட்டாள். எனக்கு இரண்டு விரல் நீளம் அதிகம். பக்கத்து வீட்டு ஹத்தா வந்து அம்மாவோடு இருப்பாள், விறகு அடுக்கியாகிவிட்டது, எழுத்து மேஜையைக் கல்தச்சனிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. விடுமுறை முடிந்து கப்பலேறும் ஹம்மூதா கையில் வருகிறது, அவனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடு. சரிவு செங்குத்தானது, நாற்பத்தைந்து வயதில் முழங்கால் எப்படி ஒத்துழைக்கும் என்று தெரியவில்லை. அந்தப் பழுப்பு பூட்ஸ் இப்போது இருந்தால் உதவியாக இருந்திருக்கும். பரவாயில்லை. நீயே போட்டுக்கொள், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் இந்த முற்றத்துக்கு வா, அம்மாவிடம் வந்து நில்.

அங்கே யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், காய்ச்சல் என்று சொல். வீட்டில், கட்டிலில் படுத்திருக்கிறேன்.